செங்கேணிக்கு ஒரு குடவோலை

உத்திரமேரூரில் தாண்டவராயனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் பெருமாள் கோயில் மண்டபத்துக் கல்வெட்டைப் பார்க்க வந்துவிட்டு, தாண்டவராயனிடம் மாட்டாமல் ஊர் திரும்பியவர்கள் குறைவு. அவர் வழிகாட்டியும் இல்லை, வாத்தியாரும் இல்லை. ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல் வைத்திருக்கும் விவசாயி, அவ்வளவுதான். வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு, மண்டபத்துப் பக்கம் மொபெட்டை நிறுத்தினார் என்றால் அன்றைக்கு யாரோ ஒரு வெளியூர்க்காரருக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"ஆயிரத்து நூறு வருசம் முன்னாடியே இங்க எலக்சன் நடந்துகீது சார்," என்று ஆரம்பிப்பார். "பேர ஓலையில எய்தி குடத்துல போடுவாங்க. மொதல்ல காலிக் குடத்த எல்லார்க்கும் தூக்கிக் காட்டணும். எதுவும் தெரியாத ஒரு சின்னப் பையன்தான் ஓலைய எடுக்கணும். அத்த வாங்கிப் படிக்கிறவன் எப்பிடி வாங்கணும் தெரியுமா? இப்பிடி!" உள்ளங்கையை நீட்டி, ஐந்து விரலையும் அகல விரித்துக் காட்டுவார். "வெரல மூடினா திருட்டுத்தனம் பண்ணிடுவான் இல்ல? அதுக்குத்தான். கல்லுல வெட்டி வெச்சிகீறாங்க சார்!"

இதைச் சொல்லும்போது அந்த விதிகளை எழுதிய சபையில் தானும் உட்கார்ந்திருந்தது போல ஒரு மிடுக்கு அவர் முகத்தில் வந்துவிடும். அப்படிப்பட்ட மனிதர்தான் சொந்தப் பேத்தியின் பெயர் விஷயத்தில் குடவோலையிலேயே கை வைத்தார். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அவருக்கு ஒரே மகன், தமிழரசன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கே அவனோடு ஒரே லைனில் நின்று வேலை பார்த்த ஒடிசாப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். தாண்டவராயன் மூன்று நாள் கோபமாக இருந்தார். நாலாம் நாள் அந்தப் பெண் வைத்த கத்தரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கரெக்டா கீது," என்றார். கோபம் அத்தோடு முடிந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் இதிஸ்ரீ. ஊர்க்காரர்கள் வாயில் அது நுழையவில்லை என்று சொல்ல முடியாது. யாரும் நுழைத்துப் பார்க்கவே இல்லை. தெருவுக்கு அவள் ஒடிசாப் பொண்ணு. மாமியார் ஆதிலட்சுமிக்கு எம்மாடி. கட்டினவனே ஸ்ரீ என்று சுருக்கிக் கொண்டான். தாண்டவராயனோ ஒரு எம்மாவைப் போட்டு மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டார். அவளும் சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்த்தாள்.

இப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை. தாண்டவராயன் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான், அம்மா செத்த நாளிலிருந்து இருபத்தேழு வருஷமாகக் காத்திருந்தார். குழந்தைக்கு அவருடைய அம்மாவின் பெயரை வைக்க வேண்டும். செங்கேணி.

அந்தப் பெயர்மேல் அவருக்கு ஏன் அவ்வளவு ஆசை என்றால், அதை யாரும் சொல்லி அவர் கேட்டதே இல்லை. அப்பா இருந்தவரை அம்மாவை ஏய் என்றுதான் கூப்பிட்டார். அவர் போன பிறகு அம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு அந்த ஒன்றரை ஏக்கரை விற்காமல் காப்பாற்றினாள். அங்கேயும் அவள் தாண்டவன் அம்மாதான். மருமகளாக வந்த ஆதிலட்சுமி, மாமியார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள். ரேஷன் கார்டில் மட்டும் பெயர் இருந்தது. அம்மா செத்ததும் அதன்மேல் ஒரு கோடு போட்டார்கள். அடுத்த கார்டு வந்தபோது அந்தக் கோடும் போய்விட்டது. மண்டபத்துச் சுவரில் ஆயிரத்து நூறு வருஷமாக யார் யார் பெயரோ அழியாமல் இருக்கிறது. தன்னைப் பெற்றவளின் பெயர் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட இல்லையே என்று சுவரைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வார். இதை வெளியூர்க்காரர்களிடம் அவர் சொன்னதில்லை.

ஆனால் பெயர் வைப்பது அவர் ஒருவர் கையில் இல்லை. இதிஸ்ரீயின் அம்மா குந்தளா, பெர்ஹாம்பூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பை நிறைய வெல்லப் பணியாரத்தோடு ரயிலேறி வந்திருந்தார். ஆதிலட்சுமி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "அட, நம்ம அதிரசம்யா இது!" என்று கூவினாள். அன்றிலிருந்து சம்பந்திகள் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். குந்தளாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் ஊர் ஆந்திரா எல்லையை ஒட்டியது, சந்தைத் தெலுங்கு வரும். மாட்டுச் சந்தைக்குப் போய் வந்ததில் தாண்டவராயனுக்கும் கொஞ்சம் தெலுங்கு வரும். இரண்டு அரைகுறைத் தெலுங்கை வைத்துக்கொண்டு குடும்பம் நடந்தது.

தமிழரசன் போனில் முப்பத்து நாலு பெயர் எழுதி வைத்திருந்தான். முப்பதாம் நாள் பெயர் வைப்பதாக ஏற்பாடு. அதற்கு ஒரு வாரம் முன்னால், சாப்பாடு முடிந்து எல்லாரும் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்போது அவன் பட்டியலை எடுத்தான்.

"ஒரே கண்டிஷன்தான் நைனா. இங்க கூப்ட்டாலும் கொயந்த திரும்பணும், அவுங்க ஊர்ல கூப்ட்டாலும் திரும்பணும். ரெண்டு எடத்துலயும் அது அவுங்க வூட்டுப் புள்ளையா இருக்கணும். மொதல் பேரு, நிஷா."

"அது புயல் பேருடா," என்றாள் ஆதிலட்சுமி. "அந்த வருசம் கதிரோட நின்ன நெல்லு தண்ணியிலயே மொளச்சிப் போச்சி. பேத்தியக் கூப்புடும்போதெல்லாம் எனுக்கு அந்த நெல்லுதான் ஞாபகம் வரும். வாணாம்."

இதிஸ்ரீ அதைத் தன் அம்மாவுக்கு மொழிபெயர்த்தாள். குந்தளா மிகுந்த அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டு, தங்கள் கரைக்கு வந்த புயல்களை விரல்விட்டு எண்ணினார். பைலின், தித்லி, ஃபனி. இரண்டு முறை அவர்கள் வீட்டுக் கூரை போயிருந்தது.

"திவ்யா?"

"இந்தத் தெருவுலயே நாலு திவ்யா கீறாங்க. கொழாயடியில நின்னு கூப்ட்டா நாலு பேரும் ஓடியாருவாங்க," என்றாள் ஆதிலட்சுமி.

"இளமதி. எனுக்கு இதான் புட்சிகீது."

"உங்க சித்தப்பன் பேத்தி பேரு அது. அவுங்க வூட்டோட நமக்குப் பேச்சு வார்த்தையே இல்ல, ஞாபகம் வெச்சுக்கோ. நம்பளப் பாத்து வெச்சாங்கன்னு சொல்லிக்கினு திரிவாங்க. கீதான்னு வையி, சுருக்கமா, லட்சணமா கீது."

"கீதான்னு ஆயிரம் பேரு கீறாங்கம்மா."

தாண்டவராயன் தொண்டையைக் கனைத்தார். அவர் கனைப்பு எதற்கென்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"செங்கேணி," என்றார்.

ஆதிலட்சுமி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "இன்னாய்யா நீ! எம் மாமியார் பேர நான் எப்பிடி வாயால சொல்லுவேன்? கொயந்த மண்ணத் தின்னா எப்பிடி அதட்றது? அடியேன்னு சொல்ல முடியுமா? 'வாங்க அத்த, மண்ணத் துப்புங்க அத்த'ன்னு கையக் கட்டிக்கினு நிக்கணுமா?"

தமிழரசன் சிரித்துவிட்டான். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பழைய பேரு நைனா. ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்க," என்றான். குந்தளாவை என்ன பெயர் வேண்டுமென்று கேட்டதற்கு, நீங்கள் எதை வைத்தாலும் சரி என்று தெலுங்கில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மனசில் ஒரு பெயர் இல்லாமல் இப்படிக் குனிய மாட்டார்கள் என்று தாண்டவராயனுக்குப் பட்டது. இதிஸ்ரீ மட்டும் மடியில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டு மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. தொடையில் ஒரு அடி அடித்துக்கொண்டு எழுந்தார்.

"எதுக்கு இந்தப் பேஜாரு? நாம எந்த ஊருல கீறோம்? ஆளுக்கு ஒரு பேரு எய்தி குடத்துல போடுங்க. வர்ற பேரு கொயந்த பேரு. குடவோலை!"

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். குந்தளாவுக்கு விளக்கிச் சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவர்கள் வீட்டிலும் பேருக்கு ஒரு விளக்காக ஏற்றி வைத்து, எது கடைசிவரை நின்று எரிகிறதோ அந்தப் பெயரைத்தான் வைப்பார்களாம். "இக்கட குண்டா, அக்கட தீபம்!" என்று கையை விரித்தார். இங்கே பானை, அங்கே விளக்கு, அவ்வளவுதான் வித்தியாசம் என்கிறார்.

யோசனை சொல்லும்போது தாண்டவராயன் மனசில் கள்ளம் இல்லை. அதைச் சத்தியமாக நம்பலாம். கள்ளம் இரண்டு நாள் கழித்து, வரப்பில் நடக்கும்போதுதான் வந்தது. ஐந்து ஓலை, அதில் ஒன்றுதான் செங்கேணி. நாலு பங்கு தோல்வி, ஒரு பங்கு வெற்றி. இருபத்தேழு வருஷம் காத்திருந்துவிட்டு, அடுத்தது எப்போதோ, அதுவும் பெண்ணாகப் பிறக்குமோ பிறக்காதோ! வீட்டுக்கு வந்து, பழைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து ஐந்து துண்டு வெட்டினார். ஐந்திலும் செங்கேணி என்று எழுதிச் சுருட்டினார். எழுத்து நன்றாகத்தான் வந்தது.

முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வெளிஆள் யாரும் இல்லை, இந்த ஐந்து பேரும் குழந்தையும்தான். சர்க்கரைப் பொங்கலும் வடையும் செய்து, குந்தளாவின் பணியாரத்தையும் சேர்த்துச் சாமிக்குப் படைத்தார்கள். தாண்டவராயன் எவர்சில்வர் குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, தட்டி, நாலு பக்கமும் திருப்பிக் காட்டினார். கல்வெட்டில் உள்ளபடி. ஆளுக்கொரு துண்டில் எழுதிச் சுருட்டிச் சுருட்டித் தாம்பாளத்தில் போட்டார்கள். அவரும் ஒன்றை எழுதிப் போட்டார்.

"சாமிகிட்ட வெச்சி எடுத்துக்கினு வரேன்," என்று தாம்பாளத்தோடு உள்ளே போனார். சாமி படங்கள் இருந்த அலமாரி சமையலறையில் இருந்தது. அங்கே, அத்தனை சாமியும் பார்த்துக்கொண்டிருக்க, தாம்பாளத்தில் இருந்த ஐந்தையும் வழித்து வேட்டிக்குள் இருந்த பட்டாபட்டி டிராயர் பாக்கெட்டில் போட்டார். தான் எழுதி வைத்திருந்த ஐந்தைத் தாம்பாளத்தில் போட்டார். முருகன் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தார்.

ஓலை எடுக்க எதுவும் தெரியாத ஆள் வேண்டுமே! தமிழ் எழுத்து தெரியாதவர் குந்தளா ஒருவர்தான். வளையல்கள் குடத்தின் விளிம்பில் கிணுகிணுக்க, அவர் கையை உள்ளே விட்டுத் துழாவி, கண்ணை இறுக மூடி ஒன்றை எடுத்தார். தாண்டவராயன் கையை நீட்டினார், ஐந்து விரலையும் அகல விரித்து. அந்த நேரம் அவருக்கு விரலை விரிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

"செங்கேணி," என்று படித்தார்.

ஆதிலட்சுமி காதைப் பொத்த மறந்துபோய் வாயைப் பொத்தினாள். தமிழரசன் உதட்டைப் பிதுக்கினாலும், "சரி நைனா, உன் ஆசப்படியே வந்துடிச்சி," என்றான். குந்தளா அந்தப் பெயரை மூன்று நாலு முறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, "மஞ்சி பேரு," என்றார், நல்ல பெயர் என்று. ஆனால் அவர் கண், வேறொன்றைத் தேடுவது போலக் குடத்தின் பக்கம் போனது. இதிஸ்ரீ மட்டும்தான் வாய் கொள்ளாமல் சிரித்தாள். அவள் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குதிக்காத குறைதான். பாவம், வருத்தத்தை மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் தாண்டவராயன்.

குந்தளா தன்னுடைய ஓலையை எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, குடத்துக்குள் மறுபடி கையை விடப் போனார்.

"கூடாது கூடாது!" என்று தாண்டவராயன் குடத்தைத் தூக்கிக்கொண்டார். "மீதி ஓலைய யாரும் பாக்கக் கூடாது. எரிச்சிடணும்."

"கல்வெட்டுல அப்பிடியா போட்டுகீது?" என்றான் தமிழரசன்.

"போட்டுகீது!"

அறுபத்திரண்டு வயதில், அந்தக் கல்வெட்டின் பெயரால் அவர் சொன்ன முதல் பொய் அது. கொல்லையில் வெந்நீர் அடுப்பில் நாலு துண்டையும் போட்டார். அவை எரிந்து முடியும் வரை நின்றார். பொங்கலைச் சாப்பிட உட்கார்ந்தபோது தித்திப்பு நாக்கில் ஏறவே இல்லை.

பாக்கெட்டில் இருந்த ஐந்தையும் வீட்டில் எரிக்க முடியாது. கழனிக்குப் போவதாகச் சொல்லி மொபெட்டை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். ஏரியில் தண்ணீர் கரை தொட்டு நின்றது. மதகுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, காகிதச் சுருள்களைக் கையில் எடுத்தார். தூக்கிப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஜெயித்தவனுக்குத் தோற்றவர்களின் சீட்டைப் பார்க்காமல் தூக்கம் வருமா?

முதல் சுருள் அவர் எழுதியதே. இரண்டாவது கீதா, ஆதிலட்சுமியின் கோழிக் கிறுக்கல். மூன்றாவது இளமதி, மகன் விடவில்லை. நாலாவதில் ஜிலேபி பிழிந்தது போல வட்ட வட்டமாக ஒடியா எழுத்து, குந்தளாவுடையது. அவருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

ஐந்தாவதைப் பிரித்தார். எழுத்துக்கள் கோணல்மாணலாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, பாலர் வகுப்புப் பிள்ளை எழுதியது போல இருந்தன. கம்பெனி பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் எழுத்தைப் பழகிக்கொண்ட மருமகளின் கை. செங்கேணி என்று எழுதியிருந்தது.

தாண்டவராயன் மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

அவரைத் தவிர வேறொருவர் அந்தப் பெயரை எழுதி அவர் பார்ப்பது, அம்மா போன பிறகு இதுதான் முதல் தடவை. யாரும் அவளைக் கேட்கவில்லை, கட்டாயப்படுத்தவில்லை. தன் பெண்ணுக்கு வைக்க அவளுக்கும் ஒரு பெயர் ஆசை இருந்திருக்கும். அதை விட்டுவிட்டு, பார்த்தே இராத ஒரு கிழவியின் பெயரை எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறாள். அதைத்தான் அவர் திருடி டிராயர் பாக்கெட்டில் சொருகியிருந்தார். அவருக்கு அழுகை வந்தது. அழுதார். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா தாண்டவரே, கண்ணுல பூச்சி வுழுந்துடிச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றார்.

அம்மா அடுத்தவர் கழனியில் கதிர் அறுக்கும்போது, தன் முந்தானையில் ஒட்டிக்கொண்டு வந்த நெல்லைக்கூடக் களத்திலேயே உதறிவிட்டு வருவாள். அவள் பெயர் திருட்டு வழியில் வீட்டுக்குள் வந்தால் அவளுக்கு அது பிடிக்குமா என்று யோசித்தார். பதில் உடனே தெரிந்துவிட்டது. வண்டியைக் கிளப்பினார்.

வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். தாண்டவராயன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நடுவில் நின்று, ஐந்து காகிதத்தையும் தாம்பாளத்தில் போட்டார்.

"நான் திருட்டுப் பையன்," என்றார். "குடத்துல இருந்தது அஞ்சும் நான் எய்தினதுதான். இதான் நீங்க எய்தினது. மீதிய எரிக்கணும்னு கல்வெட்டுல எங்கயும் இல்ல. அதுவும் பொய்யி."

ஆதிலட்சுமி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சும்மா சிரிப்பு இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "ஊருக்கெல்லாம் வெரல விரிச்சி விரிச்சிக் காட்டுவியே! இனிமே மண்டபத்துப் பக்கம் போ, நானே பின்னால வந்து சொல்றேன். சார், இந்தாளு கைய நல்லாப் பாத்துக்கோங்கன்னு!"

"நைனா, நீயா?" என்றான் தமிழரசன். அவனுக்குக் கோபமா சிரிப்பா என்று அவனுக்கே பிடிபடவில்லை. இதிஸ்ரீ தன் அம்மாவின் காதில் விஷயத்தைச் சொன்னாள். குந்தளா ஒரு கணம் திகைத்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார். இதிஸ்ரீ மொழிபெயர்த்தாள்: "எங்க வூட்லயும் தாத்தா யாருக்கும் தெரியாம ஒரு வெளக்குல எண்ண ஊத்துவாராம் மாமா."

"மறுபடி போடுவோம்," என்றார் தாண்டவராயன். "களவு பண்ணவன் பேர எய்தக் கூடாது. இது நெஜமாவே கல்வெட்டுல கீது. அதனால என் ஓலை தள்ளுபடி." தன் சீட்டை எல்லார் கண்முன்னாலும் கிழித்தார். மற்ற நாலையும் சுருட்டிக் குடத்தில் போட்டார். அந்த நாலில் யாருடையதில் என்ன இருந்தது என்று அவர் வாயைத் திறக்கவில்லை. குடத்தில் இன்னும் ஒரு செங்கேணி இருந்ததில் அவருக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று இருந்தது. இந்த எண்ணம் அவருக்கே புதிது.

"இந்தத் தபா யாரு எடுக்கறது?" என்றாள் ஆதிலட்சுமி. "உன்ன நம்ப முடியாது."

"எதுவும் தெரியாத ஆளு இதோ கீதே," என்றான் தமிழரசன், குழந்தையைக் காட்டி.

குடத்தில் இருந்ததை ஒரு சின்னக் கிண்ணத்துக்கு மாற்றினார்கள். இதிஸ்ரீ குழந்தையின் கையைக் கிண்ணத்துக்குள் வைத்தாள். அந்தக் கை எதைத் தொட்டதோ அதை இறுகப் பிடித்துக்கொண்டது. பிடித்ததும் வாய்க்குக் கொண்டு போகப் பார்த்தது. தாண்டவராயன் ஐந்து விரலையும் விரித்துக் கையை நீட்டினார். குழந்தை தன் ஐந்து விரலையும் விரிக்கவே மாட்டேன் என்றது. ஆதிலட்சுமி ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துக் கொடுத்தாள்.

வட்ட வட்ட எழுத்து. தாண்டவராயன் அதை மருமகளிடம் நீட்டினார்.

"மாலதி," என்று படித்தாள் இதிஸ்ரீ.

குந்தளா இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். கண்ணில் நீர் நின்றது. மாலதி! தமிழரசன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "முப்பத்து நாலு பேரு தேடினேன்! இது எங்க கணக்கு டீச்சர் பேரு!"

"அவுங்க ஊர்லயும் இந்தப் பேரு கீதா?" என்று ஆதிலட்சுமி வியந்தாள். "நல்ல பேருடா. அதட்டலாம், கொஞ்சலாம். கொழாயடியில ஒரு மாலதியும் இல்ல."

தாண்டவராயன் குழந்தையைக் கையில் வாங்கி அதன் காதில் மூன்று முறை அந்தப் பெயரைச் சொன்னார். சொல்லும்போது குரல் பிசிறவில்லை. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது. குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிண்ணத்தில் மீந்த மூன்று சுருளில் ஒன்றைத் தேடி எடுத்தார்.

"இத்த நான் வெச்சிக்கிட்டுமா எம்மா?" என்றார், அந்தக் கோணல் எழுத்தைக் காட்டி.

இதிஸ்ரீக்கு வெட்கமாகிவிட்டது. "தப்பா எழுதிட்டேனா மாமா?"

"கரெக்டா கீது. எதுக்கு நீ எம் அம்மா பேர எய்தின? யாரும் சொல்லலியே."

அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். அந்தத் தமிழ் அவள் ஒரகடத்து லைனிலும் உத்திரமேரூர்க் கடைகளிலும் பொறுக்கிச் சேர்த்தது.

"அவுங்கள யாரும் பேர் சொல்லிக் கூப்புடலன்னு நீங்க ஒருவாட்டி அத்தைகிட்ட சொன்னீங்க மாமா. எனுக்குத் தெரியும் அது எப்பிடி இருக்கும்னு. எங்க ஊர்ல என் பேர எல்லாரும் கூப்புடுவாங்க. கொளத்துல, ஸ்கூல்ல, சந்தையில. இங்க எல்லாரும் நல்லவங்க. ஆனா பேரு மட்டும் சும்மா இருக்குது." அவள் சிரித்தாள். "சும்மா இருக்குற பேர யாராச்சும் கூப்ட்டா நல்லா இருக்கும் இல்ல? அதான் எழுதினேன்."

குற்றம் சொல்லும் குரலே இல்லை அது. உப்பு கொஞ்சம் கம்மி என்பது போலத்தான் சொன்னாள். அம்மா பெயரை யாரும் கூப்பிடவில்லை என்று இருபத்தேழு வருஷம் புழுங்கிய மனிதர், மூன்று வருஷமாக எதிரில் சோறு போட்ட பெண்ணை ஒரு தடவையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாரா? அதற்குப் பதில் தெரிய அவருக்குக் கல்வெட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில், ஆதார் கார்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

குந்தளா அதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். அவர் மகளிடம் ஏதோ சொல்ல, மகள் மாமனாரிடம் சொன்னாள். அவர்கள் பக்கத்தில் எல்லாருக்கும் இரண்டு பெயராம். ஒன்று பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று வீட்டில் கூப்பிட. எழுதுகிற பெயரை அம்மா வீட்டார் வைத்தாயிற்று. கூப்பிடுகிற பெயரை அப்பா வீட்டார் வைக்கட்டும்.

எல்லார் கண்ணும் தாண்டவராயன்மேல் திரும்பியது. அவர் வாயைத் திறக்கும் முன்னால் ஆதிலட்சுமி கையைக் காட்டித் தடுத்தாள்.

"தெரியும், தெரியும், சொல்லாத. வைக்கட்டும்யா. ஆனா நான் எப்பிடிக் கூப்புடுவேனோ அப்பிடித்தான் கூப்புடுவேன்." குழந்தையின் பக்கம் குனிந்தாள். அது வாயில் கையைப் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தது. "இன்னா அத்த, வெரல எடுங்க அத்த. அப்பவும் சொன்ன பேச்சு கேக்க மாட்டீங்க, இப்பவும் கேக்க மாட்டீங்களா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சத்தத்தில் குழந்தை பயந்து அழுதது. அப்புறம் பால் குடித்தது, அப்புறம் தூங்கியது.

நாலு மணிக்குத் தாண்டவராயன் வயலுக்குக் கிளம்பினார், இந்த முறை நிஜமாகவே. வாசலில் வண்டியைக் கிளப்பும்போது உள்ளே மாலதி என்கிற செங்கேணி எழுந்து அழ ஆரம்பித்தாள். ஆதிலட்சுமியும் குந்தளாவும் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு, ஆளுக்கொரு பாஷையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழவில்லை. மருமகள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவர் வண்டியை நிறுத்தினார். வழக்கமான எம்மா வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, தெருவே கேட்கிற மாதிரி உரக்கக் கூப்பிட்டார்.

"இதிஸ்ரீ! எம்மா இதிஸ்ரீ!"

மாடியில் துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கீழே நின்ற மாமனாரைத் தாண்டி, தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவள் கண் ஓடியது. ஊரிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களோ என்று தேடினாள்.

"மாமா, யாரோ என்னக் கூப்ட்டாங்க."

"நாந்தான் கூப்ட்டேன்," என்றார் தாண்டவராயன். "செங்கேணி அழுவுறா, வா."